போன் அப்பாகிட்ட இருக்கு

தொலைவில் ஒரு வகுப்பறை – 6

ஊரடங்குக்கு ஏழு மாதம் முன்பே தமிழ்நாட்டிடம் ஒரு பள்ளிக்கூட டிவி தயாராக இருந்தது. 2019 ஆகஸ்டில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய பாடநூல்களில் 2018 முதலே கியூஆர் குறியீடு அச்சாகி வந்தது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கிடைத்து வந்தது. 2006-க்குப் பிறகு அரசே கொடுத்த கலர் டிவி குடிசை வீடுகளிலும் இருந்தது. வீட்டிலிருந்தே படிக்க என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டால், முக்கால்வாசிக்கு எதிரே ‘இருக்கிறது’ என்று எழுதக்கூடிய மாநிலம் இது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2021 ஜனவரியில் எட்டிப் பார்த்தன; ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரியில் வந்தன. மார்ச்சில் பன்னிரண்டு தவிர மற்றவர்களுக்கு மறுபடி பூட்டு. ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்கள் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடையில் பத்தொன்பது மாதம். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பு. அ, ஆவைக் கரும்பலகையில் பார்க்காமலே அது ஒரு வகுப்பு ஏறிவிட்டது. இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சாமான் எல்லாம் இருந்தும் பாடம் ஏன் பிள்ளையைப் போய்ச் சேரவில்லை? அன்றைக்கு எல்லோரும் சொன்ன பதில் செல்போன். போன் இல்லை, சிக்னல் இல்லை, ரீசார்ஜ் செய்யக் காசில்லை. மூன்றும் உண்மை. மலை கிராமங்களில் டவர் தேடிப் பிள்ளைகள் மேடேறியதும் உண்மை. ஆனால் போன் இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் பாடம் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் நான் இங்கே பேச வேண்டும்.

ஒரு கட்டட வேலைக்காரர் வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரே போன், அது அப்பாவிடம். காலை ஏழு மணிக்கு அவர் கிளம்பும்போது போனும் கிளம்பிவிடும். மேஸ்திரி எங்கே வரச் சொல்வார் என்பதே அதில்தான் வரும், விட்டுவிட்டுப் போக முடியாது. பத்து மணிக்கு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ‘கணக்கு, பக்கம் 34, பயிற்சி 2.1’ என்று போடுவார். நல்ல ஆசிரியராக இருந்தால் கூடவே ஒரு குரல் பதிவும் போடுவார். சாயங்காலம் குளித்து, டீ குடித்து, அப்பா போனைக் கீழே வைக்கும்போது மணி எட்டு. குழுவில் அறுபது எழுபது படங்கள் வரிசையாக நிற்கும்: பாதி பேர் அனுப்பிய வீட்டுப்பாடம், மீதி ‘குட் மார்னிங்’ பூக்கள். அதில் தன்னுடைய பாடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவள் எட்டு வயதுப் பெண். பக்கத்திலேயே அண்ணன் நிற்கிறான், அவனுக்கும் அதே போன் வேண்டும். சார்ஜ் பதினைந்து சதவீதம். ஒரு நாள் ஆசிரியர் அம்மாவை நேரில் பார்த்துக் கேட்கிறார்:

“ஏம்மா, ரெண்டு நாளா உங்க பொண்ணு எதுவுமே அனுப்பலையே?”

“போன் அவங்கப்பாகிட்ட இருக்கு சார். ராத்திரிதான் வருவாரு. பாப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியலையாம் சார், எனக்கும் சொல்லிக்குடுக்கத் தெரியல.”

“பரவால்லம்மா, எழுதுன வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

அந்த அம்மா பேசியதில் முதல் வாக்கியத்தை அரசு கேட்டது, ஊடகமும் கேட்டது. கடைசி வாக்கியத்தை ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை.

சென்ற வாரம் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வானொலிப் பள்ளியைப் பார்த்தோம். 1951-இல் பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலியைக் கடன் வாங்கித் தொடங்கிய பள்ளி அது. ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டரில், அதாவது தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு நிலத்தில், மாட்டுப் பண்ணைகளில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளுக்காக. அங்கே ஆசிரியர் நேரடியாகப் பேசுவது நாளில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் பிள்ளையோடு உட்கார வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் கணக்கிலேயே உண்டு. பெரும்பாலும் அது அம்மா. வசதியுள்ள பண்ணையில் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள். அந்த ஆளுக்குப் பள்ளி வழிகாட்டுகிறது, பயிற்சி தருகிறது. ஆசிரியர்கள் பாலைவனத்தில் வண்டி ஓட்டிப் போய் வீட்டையே பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே அம்மா பள்ளியின் ஒரு ஊழியர் மாதிரி, சம்பளம்தான் கிடையாது.

நம் ஊரில் அம்மாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், எட்டாவதோடு நின்ற ஒரு பெண் பகல் முழுக்கக் களை எடுத்துவிட்டு வந்து பின்னங்களைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. டிவி பாடங்களை நான் குறைத்துப் பேசவில்லை. 2020 ஜூலையில் கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடம் நடத்தத் தொடங்கியது. அதில் வந்த ஆசிரியர்கள் பலர் அருமையாக நடத்தினார்கள். ஆனால் டிவியில் வரும் ஆசிரியருக்கு, மூன்றாவது வரியிலேயே வழி தவறிய பிள்ளையின் முகம் தெரியாது. பிள்ளை மெல்லச் சேனலை மாற்றிவிடும். பாட்டி சீரியல் கேட்டாலும் மாறும்.

கேரளம் இதைக் கொஞ்சம் முன்னதாகவே புரிந்துகொண்டது. 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ தொடங்கும்போதே, டிவியோ இணையமோ எட்டாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துப் பொதுப் படிப்பு மையங்கள் வந்தன. டிவிக்காகத் தொடங்கிய ஏற்பாடுதான். ஆனால் பத்துப் பிள்ளைகள் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அங்கே ஒரு பெரியவர் இருப்பார், ‘இது என்ன?’ என்று கேட்க ஒரு ஆள் கிடைக்கும். டிவியைவிட அந்த ஆள்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் சில ஆசிரியர்கள் தாங்களாகவே செய்தார்கள். மாஸ்க் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், வேப்பமரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் பத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார வைத்து நடத்தினார்கள். சொந்தக் காசில் பழைய போன் வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் பள்ளியில் தந்தபோது, பையோடு வரிசையில் நின்ற பெற்றோரிடம் பேச அது ஒரு சாக்கானது. ஆசிரியர் கையில் வேறு வழி அதிகம் இல்லை. ‘பையன் எங்கம்மா?’ என்று கேட்டதற்கு, ‘கோழிப் பண்ணைக்குப் போறான் சார்’ என்ற பதில் பல பள்ளிகளில் முதலில் தெரிந்தது அந்த வரிசையில்தான்.

அரசு அந்த ‘ஆள்’ பக்கம் திரும்பியது 2021 அக்டோபரில். 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லித்தர பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும், ஆறு முதல் எட்டுக்குப் பட்டம் வேண்டும். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் தன்னார்வலர் முறை இது, பின்வாசல் வழியாக வருகிறது, மதவாத அமைப்புகள் உள்ளே புகுந்துவிடும் என்றார்கள். ஆசிரியர் வேலையிடங்களை நிரப்பாமல் இருக்க இது ஒரு வழி என்று ஆசிரியர் சங்கங்கள் சந்தேகப்பட்டன. சங்கங்களின் சந்தேகத்தை இன்றைக்கும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவர்கள், கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த மருமகள்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண்கள். ஐந்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் பாய் விரிப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. பாதிப் பிள்ளைகள் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டே வருவார்கள், தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டும் வருவார்கள். டீச்சர், மிஸ் என்று யாரும் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் ‘அக்கா’. தீக்குச்சியைக் கட்டுக் கட்டாக வைத்துப் பத்து, ஒன்று சொல்லித்தருவது, பாட்டுப் பாடி எழுத்தைச் சொல்வது, அட்டையில் எழுதிய சொற்களைச் சட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்துப் படிப்பது. நடுவில் சாமி ஊர்வலம் வந்தால் வகுப்பு அப்படியே எழுந்து தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். இருட்டிய பிறகு பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மா ஐந்து நிமிடம் நின்று, ‘ரெட்டக்கொம்பு எதுக்கு, ஒத்தக்கொம்பு எதுக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது’ என்பார்.

இது பலன் தந்ததா? இதற்கு உணர்ச்சியில்லாத பதில் ஒன்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள், ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழிப்பாடத்தில் பின்னடைவு அதில் ஏறத்தாழ பாதி. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இழப்பு கூடுதல், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது பிறகு நடந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஏழைப் பிள்ளைகள் மற்றவர்களைவிட வேகமாக மீண்டார்கள். அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அந்தத் திண்ணைக்கு அதிகம் வந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன பிள்ளை 2022-இல் மூன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு ‘அசர்’ என்ற கல்விநிலை ஆய்வில், தமிழ்நாட்டு ஊரகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018-இல் இது 10.2. முதலிலேயே அப்படி ஒன்றும் உயரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்; கொரோனா மேல் மட்டும் பழி போட முடியாது. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததற்கு இந்தப் பிள்ளைகள்தான் காரணம்.

இப்போது அந்த 1,000 ரூபாய்க்கு வருகிறேன். மாதம் இருபது நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 33 ரூபாய். பாய் விரிப்பது, அட்டை வெட்டுவது, வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போவது இதில் சேராது. 2021-22-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 273 ரூபாய். நான்கு நாள் கூலிக்கும் குறைவான பணத்தில், மீட்சியில் கால் பங்கை இந்தப் பெண்கள் தூக்கியிருக்கிறார்கள். ‘தன்னார்வம்’ என்று பெயர் வைத்துவிட்டால் கூலி பற்றிப் பேசக் கூச்சமாகிவிடுகிறது. ஆஸ்திரேலியப் பண்ணை அம்மாவாக இருந்தாலும் நம் ஊர் அக்காவாக இருந்தாலும், தொலைதூரப் படிப்பு என்ற ஏற்பாடு நிற்பது சம்பளக் கணக்கில் வராத ஒரு பெண்ணின் சாயங்காலத்தின் மேல். சேட்டிலைட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் மதிப்பீடு போடுகிறவர்கள் இந்தச் சாயங்காலத்துக்கும் ஒரு விலை போட்டு அதே தாளில் எழுதட்டும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது, அந்த ஆய்வு எடுத்துக்கொண்டதும் சின்னப் பிள்ளைகளை. 2020-இல் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவனுக்குத் திண்ணையும் இல்லை, அக்காவும் இல்லை. தேர்வு இல்லாமலே பாஸ் போட்டார்கள். அவன் அதற்குள் திருப்பூருக்கு பஸ் ஏறியிருந்தான். அந்தப் பையன்களையும், அதே காலத்தில் கழுத்தில் தாலி ஏறிய பெண்களையும் பள்ளிக்குத் திரும்பக் கூட்டிவர யார் என்ன முயன்றார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)