கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வலது அடிவயிற்றில் வலி, எடை இறக்கம். இந்தத் தொல்லையோடு ராசிபுரம், எடப்பாடி பக்கமிருந்து சேலத்துக்குக் குடல் ஸ்கோப் பார்க்க வருபவர்களில் சிலருக்கு முதலில் காசநோய் மாத்திரைதான் கொடுப்பார்கள். அது தவறில்லை. குடல் காசநோயும், கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயும் பெரும்பாலும் ஒரே இடத்தில், சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில், புண் உண்டாக்குகின்றன. திசுப் பரிசோதனையும் பல சமயம் முடிவு சொல்வதில்லை. மாத்திரை கொடுத்து, 2, 3 மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் புண் ஆறியதா என்று பார்ப்பார்கள்.

அந்த இரண்டாவது ஸ்கோப்பைத் தவறவிடுவதுதான் ஆபத்து. கிரோனாக இருந்தால் அதற்குள் குடல் தழும்பேறிச் சுருங்கிவிடலாம். காசநோய்க்குத் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தாலோ கிருமி பரவும்.

கிரோன் என்று உறுதியான பிறகும் வழிகள் பல. ஸ்டீராய்டு வேகமாக அடக்கும். நெடுநாள் விழுங்கினால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அசாதயோபிரின் மாத்திரை வேலை செய்யவே 2, 3 மாதம் ஆகும். நம்மவர்களில் சிலருக்கு மரபணு காரணமாக அது வெள்ளையணுக்களைச் சட்டென்று குறைத்துவிடும். தொடக்க வாரங்களில் ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது. உள்ளூர் லேப் போதும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஊசிகள் இந்தியத் தயாரிப்பு வந்து விலை இறங்கியும் பாரம்தான். உறங்கும் காசநோயை அவை எழுப்பக்கூடும் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் முதலில் வேண்டும். ஆபரேஷன் கடைசிக் கட்டத்துக்குத்தான் என்ற நினைப்பும் மாற வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி மட்டும் பாதிக்கப்பட்ட 143 பேரை வைத்து நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், லேப்ராஸ்கோப்பி அறுவை இன்ஃப்ளிக்ஸிமாபுக்குச் சளைக்கவில்லை.

இத்தனை வழிகள் இருந்தும், "நீங்க பாத்து செய்யுங்க சார்" என்று மகனோ கணவரோ கையெழுத்துப் போட்டுவிடுவது நம் பக்க வழக்கம். டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையை, வெளியே நின்ற தாயிடம் மட்டும் கேட்டு அகற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்று வழி, ஆபத்து, சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளியிடமே சொல்ல வேண்டும் என்றது.

சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க ஸ்கோப், திசுப் பரிசோதனை அறிக்கைகள் கையில் இருப்பது முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்தச் சிகிச்சை திட்டத்தில் வருகிறது என்பதைச் சேருமுன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்கலாம். தனியார் மருத்துவமனையில் அலட்சியம் நேர்ந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அதில் வராது; அங்கே டீனிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.