பழைய புண்ணும் புதிய பழியும்

மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ திருவனந்தபுரம் வழியாக நாகர்கோவிலுக்கு வரும் தமிழர்கள் நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை என்னும் நிலையங்களை நன்கு அறிவார்கள். பாறசாலையை விட்டு வண்டி புறப்பட்டதும் பலர் மூட்டை முடிச்சுகளைச் சரிபார்க்கத் தொடங்குவார்கள். சிறிது தொலைவில் குழித்துறை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று வரையப்பட்ட எல்லை நிலத்தைப் பிரித்ததே அன்றி மக்களைப் பிரித்துவிடவில்லை. இருபுறமும் இருமொழிகளும் புழங்குகின்றன. கொள்வினை கொடுப்பினையும், சந்தையும், கல்வியும் எல்லையைத் தாண்டியே நடைபெறுகின்றன. காதலும் அப்படியே.

2022-ஆம் ஆண்டில் அத்தகைய ஒரு காதல், இவ்வெல்லைக் கிராமங்களை நடுங்கவைத்த கொலையாக முடிந்தது. பாறசாலையைச் சேர்ந்த 23 வயது மாணவர் ஒருவரும், கன்னியாகுமரி மாவட்டத்து எல்லைக் கிராமத்து மாணவி ஒருவரும் நேசித்தனர். பின்னர் அப்பெண்ணுக்கு வேறிடத்தில் திருமணம் நிச்சயமாயிற்று. அக்டோபர் 14-ஆம் நாள் தம் வீட்டுக்கு வந்த இளைஞருக்குக் கஷாயம் என்று சொல்லி அவர் கொடுத்ததில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி கலந்திருந்தது. அந்நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் சிறுகச் சிறுக அழித்துவிடும். 11 நாள்கள் துன்புற்று, அக்டோபர் 25-ஆம் நாள் அந்த இளைஞர் திருவனந்தபுரத்து மருத்துவமனையில் உயிர் நீத்தார். நெய்யாற்றின்கரை கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரி 17-ஆம் நாள் அப்பெண்ணைக் குற்றவாளி என்று முடிவு செய்து, 20-ஆம் நாள் மரண தண்டனை விதித்தது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. இவர்களுடைய பெயர்களை இங்கே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரு குடும்பங்களும் பட்டது போதும்.

மரணப் படுக்கையிலும் அந்த இளைஞர் தம் காதலி தண்டனை பெறுவதை விரும்பவில்லை என்று நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. அன்புடைய நெஞ்சம், தன்னை அழிப்பவரிடமும் ஒரு காரணத்தைத் தேடும். ‘இவர் இப்படிச் செய்ததற்கு உள்ளே ஏதோ ஒரு துயரம் இருக்கவேண்டும்’ என்று அது தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும். காதல் நவீனங்களைப் படிக்கும் நமக்கும் இப்பழக்கம் உண்டு. நாயகன் நாயகியை மிரட்டுகிறான், ஐயுறுகிறான், பொய் சொல்லிக் கட்டிப்போடுகிறான். கதை முடியும் தறுவாயில் அவனுடைய இளமைத் துயரம் வெளிப்படுகிறது: தாய் இல்லாத வீடு, கொடுமை செய்த தந்தை, ஏமாற்றிச் சென்ற முதற்காதல். உடனே நாயகி கண்ணீர் வடிக்கிறாள், நாமும் வடிக்கிறோம், கணக்கு தீர்ந்துவிடுகிறது. கடந்த காலத் துன்பம் நிகழ்காலக் கொடுமைக்கு மன்னிப்புச் சீட்டாகுமா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்குத் தமிழர் அனைவரும் அறிந்த பாத்திரம் ஒன்று உண்டு. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து, 2022, 2023-ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்த ‘பொன்னியின் செல்வன்’ கதையின் நந்தினியே அவள். இளமையில் அரச குடும்பத்தினரால் இழிவாக எண்ணி ஒதுக்கப்பட்டவள். காலில் விழுந்து மன்றாடியும் கண்ணெதிரே வீரபாண்டியன் தலை துணிக்கப்படக் கண்டவள். அவளுடைய துயரத்தைக் கல்கி எங்கும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய சூழ்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவளை உயிரினும் மேலாக நம்பிய பெரிய பழுவேட்டரையர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வந்தியத்தேவன் செய்யாத கொலைக்காகச் சிறையில் கிடந்தான். எவருக்கும் தீங்கு நினையாத மணிமேகலை சித்தம் கலங்கி இறந்தாள். நந்தினியின் பழைய காயத்துக்கும் மணிமேகலைக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. புண்பட்டவர் பழி தீர்க்கப் புறப்பட்டால் அம்பு பெரும்பாலும் குற்றமற்றவர் மீதே பாய்கிறது.

ஆங்கில இலக்கியத்திலும் இத்தகைய பாத்திரம் உண்டு. எமிலி பிராண்டி 1847-இல் வெளியிட்ட நாவலில் வரும் ஹீத்கிளிஃப், சிறுவயதில் அடியும் அவமதிப்பும் உண்டவன். வளர்ந்தபின் தன்னைத் துன்புறுத்தியவரோடு நில்லாமல், அவர்களுடைய பிள்ளைகளையும் வாட்டுகிறான். அவனை மாபெரும் காதலன் என்று கொண்டாடுவோர், அவனை மணந்து அல்லலுற்ற இசபெல்லாவை மறந்துவிடுகிறார்கள்.

துன்பம் மனிதரைக் கொடியவராக்கியே தீரும் என்பது உண்மையானால், துன்புற்றோர் அனைவரும் கொடியவராக வேண்டும். அப்படி இல்லை என்பதற்கு நெய்யாற்றின்கரையோடு தொடர்புடைய ஒரு கதையே சான்று. அவ்வூர்க் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப்பிலாவு’ என்னும் பழம்பெரும் பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழக்கு. அவ்விளவரசரின் கதையைச் சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நாவலாக வெளியிட்டார். அதில் வரும் சுபத்திரை, ஒரு குற்றமும் செய்யாமல் கணவனால் ஐயுறப்பட்டுக் கைவிடப்பட்டவள். அவள் தன் துன்பத்தைக் காட்டி எவரையும் அடிமைப்படுத்தவில்லை. பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைப் பணயம் வைத்தாள், முடிவில் கொலையுண்டாள். நந்தினியும் சுபத்திரையும் அநீதியால் புண்பட்டவர்களே. எனினும் இருவரும் நடந்த வழிகள் வெவ்வேறு. புண்ணை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு உண்டு.

அப்படியானால் ஒருவருடைய கடந்த காலத்தைக் காதில் வாங்கவே கூடாதா? கூடும், வாங்கவும் வேண்டும். எந்த வரிசையில் என்பதுதான் பொருள். இதைச் சட்டம் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. கொலை வழக்கில் முதலில் குற்றம் நடந்ததா, செய்தவர் யார் என்று முடிவு செய்யப்படுகிறது. அதன் பிறகே தண்டனையைப் பற்றிய வாதம். குற்றத்தோடு குற்றவாளியின் நிலையையும் எடைபோட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் வகுத்தது. வாழ்க்கைப் பின்னணியை உரிய காலத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் வற்புறுத்தியது. நெய்யாற்றின்கரையிலும் பெண்ணின் இளவயதும் கல்வியும் முன்வைக்கப்பட்டன. அமர்வு நீதிமன்றம் அவற்றைப் போதுமானவையாகக் கொள்ளவில்லை. மரண தண்டனை தகுமா என்பதில் கற்றறிந்தோர் வேறுபடலாம். ஆனால் பின்னணி எத்துணை உருக்கமானதாயினும், அது தண்டனையின் அளவைப் பற்றிய பேச்சே ஒழிய, செயலை இல்லையென்று ஆக்கும் பேச்சு அன்று.

நாவல் படிக்கும்போதும் நம் வாழ்விலும் இவ்வரிசையைக் கைக்கொள்ளலாம். முதலில் செயலுக்கு உரிய பெயரைச் சொல்லுவோம்: இது மிரட்டல், இது ஏமாற்று. பிறகு காரணத்தைக் கேட்போம். உண்மையாக வருந்துபவர் தம் பழைய துயரைச் சொல்லியபின் நடத்தையை மாற்றிக்கொள்ள முயல்வார். பிறரை ஆட்டிவைப்பவரோ ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் அதே துயரை எடுத்துரைத்து நம் வாயை அடைப்பார். நண்பர்களிடமிருந்து பிரித்தல், கைப்பேசியைச் சோதித்தல், ‘நீ விட்டுப் போனால் நான் இறந்துவிடுவேன்’ என்று அச்சுறுத்தல் ஆகியவை காதலின் ஆழத்தைக் காட்டுவன அல்ல. இல்லறத்திலும் அதை ஒத்த உறவிலும் சொல்லாலும் உணர்ச்சியாலும் இழைக்கப்படும் கொடுமையையும் வன்முறை என்றே 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கொள்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி இன்னும் முக்கியமானது. ஊரில் என்றால் ஒரு பெண்ணின் முகவாட்டத்தை அத்தை கண்டுகொள்வாள். ஓர் இளைஞனின் மௌனத்தை அண்ணன் உணர்வான். புனேயிலோ பெங்களூரிலோ விடுதி அறையில் தனித்திருப்பவருக்குத் தம் மொழியில் அன்பாகப் பேசும் ஒருவரே வீடும் ஊரும் உறவும் ஆகிவிடுகிறார். அவரைக் கேள்வி கேட்டால் எல்லாவற்றையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே பெற்றோர், ‘காதலா?’ என்று சீறுவதற்கு முன், ‘அங்கே உனக்கு அச்சம் இல்லாமல் இருக்கிறதா?’ என்று கேட்கப் பழக வேண்டும். சீற்றத்துக்கு அஞ்சும் பிள்ளை ஆபத்தையும் மறைத்துவிடும். மனத்துயருக்கு 14416 என்னும் எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். பெண்களுக்கு 181 என்னும் உதவி எண்ணும் உண்டு.

புண்பட்டவரிடம் இரக்கம் கொள்வது நம் பண்பு. அதை இழக்க வேண்டுவதில்லை. ஆனால் இரக்கம் கொள்பவர் கஷாயக் கோப்பையையும் வாங்கிக் குடிக்க வேண்டும் என்பது எந்த அறத்திலும் இல்லை. ஒருவருடைய துயரத்துக்காக நாம் கண்ணீர் விடலாம். அவர் செய்யும் கொடுமையிலிருந்து விலகி நின்றுகொண்டே அதைச் செய்யலாம்.