கணினிக்கு ஒரு பண்டகசாலை

பாலாவி உப்பளங்களில் விளையும் உப்பு மூட்டைகளாகிப் பண்டகசாலையைச் சேர்ந்த பின்னரே வண்டியேறுகின்றது. வாங்குபவர் பாத்தி பாத்தியாகத் தேடி அலைவதில்லை. லினக்ஸ் கணினியில் மென்பொருள் சேர்க்கும் முறையும் ஏறக்குறைய இத்தகையதேயாகும்.

லினக்ஸ் என்றதும் கற்றறிந்தோரும் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் ஒரு காலத்தில் நியாயமானதே. ஒரு மென்பொருள் இயங்க வேறு பல துணைக்கோப்புகள் வேண்டும். அவற்றுக்கும் வேறு துணைகள் வேண்டும். இவையனைத்தையும் பயனரே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் அமைப்பு, 1999இல் வெளியிட்ட தன் பதிப்பில் ஆப்ட் என்னும் கருவியை வழங்கியது. பெயரைச் சொன்னால் போதும். துணைகள் எவையெனக் கணக்கிட்டு, அனைத்தையும் அதுவே கொணர்ந்து நிறுவிவிடும். உபுந்து முதலிய அமைப்புகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

கட்டளை எழுதத் தயங்குவோர்க்குச் சினாப்டிக் என்னும் செயலி உண்டு. பெயரைத் தேடிக் குறியிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. சிறுவர்க்கான ஜிகொம்பிரி, வான்மீன்களைக் காட்டும் ஸ்டெல்லாரியம் ஆகியன இவ்வாறே விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் எழுதுவதற்கு ஐபஸ் எம்17என் என்னும் பொதியை நிறுவினால், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் உடன் வந்துசேரும். உரிமக் கட்டணம் செலுத்த வழியற்ற பாடசாலைக்கு இது சிறிய உதவியன்று.

இணையம் நலிந்த இடத்தில் என் செய்வது என நேயர்கள் வினவலாம். கற்பிட்டிக் கரையோரத்தில் இவ்வினா எழாமலிராது. சினாப்டிக்கில், வேண்டியவற்றைக் குறித்தபின் தரவிறக்கப் பட்டியல் ஒன்றைக் கோப்பாக ஆக்கிக்கொள்ளலாம். அதனைப் பென்டிரைவில் புத்தளம் நகருக்குக் கொண்டுசென்று, இணையமுள்ள வேறொரு லினக்ஸ் கணினியில் இயக்கினால் பொதிகள் இறங்கிவிடும். திரும்பி வந்து அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பேருந்துக் கட்டணம் மட்டுமே செலவு! நம் நாட்டில் பெடோராவைத் தழுவி உருவான ஹந்தானை லினக்ஸ், பல மென்பொருள்களை ஒரே தட்டில் முன்னரே அடக்கித் தந்ததும் இத்தகைய இடர்ப்பாட்டை நன்கு உணர்த்தும்.

புதியவர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. பண்டகசாலையின் பட்டியலில் மறைக்குறி முத்திரை இருக்கின்றது. இடையில் எவரேனும் அதனை மாற்றியிருப்பின் கணினி எச்சரித்து மறுக்கும். அறியாத தளங்களிலிருந்து பெறும் கோப்புகளுக்கு இக்காவல் இல்லை. யாரோ சொன்னார் என்று புதிய களஞ்சிய முகவரிகளைச் சேர்ப்பதும் தகாது. அவ்வாறு சேர்த்தவரின் முத்திரையையும் கணினி பின்னர் நம்பத் தொடங்கிவிடும்.