சொத்தாக வந்த பேய்

சுங்கை வேயில் அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமத்து வீடுகள் உள்ளன. 1970களில் எழுந்த தடையற்ற வணிக மண்டலத்தின் தொழிற்சாலைகளும் அவற்றுக்குப் பின்னர் வந்த அடுக்குமாடிகளும் அருகிலேயே நிற்கின்றன. இத்தகைய ஊர்களில் காரில் வந்து இறங்கும் பிள்ளையும் பேருந்துக்குச் சில்லறை எண்ணும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். பாடவேளையில் அவர்களிடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலையில் தெரிந்துவிடுகிறது. யார் யாருடன் அமர்வது, யாருடைய காலணி கேலிக்கு உள்ளாவது என்பன அங்கேதான் முடிவாகின்றன.

இந்த வேறுபாட்டை ஒரு பேயின் துணையோடு பேசுகிறது, மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் எழுதிய 'தி கேர்ள் அண்ட் த கோஸ்ட்' என்னும் ஆங்கில நாவல். 'சிறுமியும் பேயும்' என்று இதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல், அதே ஆண்டில் அமெரிக்காவின் கர்க்கஸ் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. இது மிகுபுனைவு வகையைச் சேர்ந்தது. உலகில் நடக்க இயலாத ஒன்று நடப்பதாக வைத்துக்கொண்டு, அதன் வழியே உலகில் நடப்பவற்றைச் சொல்வது அவ்வகை.

கதையின் வேர் மலாய் நாட்டுப்புற நம்பிக்கையில் இருக்கிறது. பெலிசிட் என்பது ஒருவருக்குக் கட்டுப்பட்டு ஏவல் செய்யும் ஆவி; வெட்டுக்கிளி வடிவில் திரியும் என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்டர் வில்லியம் ஸ்கீட், தாம் திரட்டிய மலாய் நம்பிக்கைகளை 1900ஆம் ஆண்டில் 'மலாய் மேஜிக்' என்ற நூலாக வெளியிட்டார். பெலிசிட்டைப் புட்டியில் அடைத்து வைப்பதும், அதற்கு மஞ்சள் சோறோ விரல் நுனி இரத்தமோ கொடுப்பதும் அந்நூலில் விவரிக்கப்படுகின்றன. பாட்டியிடம் குட்டிச்சாத்தான் கதை கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எசமான் ஏவினால் செய்யும், கவனிக்காமல் விட்டால் எசமானையே பதம் பார்க்கும் ஆவி இரு மரபுகளிலும் உண்டு.

நாவலில் சூனியக்காரி ஒருத்தி இறந்துபோகிறாள். அவளுக்குக் கட்டுப்பட்டிருந்த பெலிசிட், இரத்த உறவைத் தேடி அவளுடைய பேத்தி சுராயாவிடம் வந்து சேர்கிறது. நெல்வயல் சூழ்ந்த கிராமத்தில், அதிகம் பேசாத தாயுடன் தனிமையில் வளரும் சிறுமி அவள். பிறர் நடுங்கவேண்டிய அந்தப் பேய்க்கு அவள் வைக்கும் பெயர் 'பிங்க்'. பெயர் வந்த பிறகு 'அது' என்பது 'அவன்' ஆகிவிடுகிறது.

கதையின் நுட்பமான இடம் இதுவே. சொத்து என்றால் நிலம், வீடு, நகை என்றுதான் நினைக்கிறோம். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அவை தலைமுறை வழியாக வந்து சேரும். சுராயாவுக்குப் பாட்டியிடமிருந்து வந்தது ஒரு பேய். அவள் அதைக் கேட்கவும் இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. வறுமையும் செல்வமும்கூடப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வருகின்றன.

பின்னர் சுராயா பெரிய ஊரிலுள்ள பெண்கள் பள்ளியில் சேர்கிறாள். அங்கே கிராமத்துப் பெண்ணான அவள் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாகிறாள். இவ்விடத்தில் அலாவுதீனை நினைத்துப் பார்க்கலாம். அவனும் ஏழை, அவனுக்கும் ஏவல் செய்ய ஒரு பூதம் கிடைக்கிறது. பூதம் மாளிகை எழுப்பித் தருகிறது. ஏழ்மை ஒரே இரவில் தீர்ந்துவிடுகிறது. சுராயாவின் கதையில் அத்தகைய மாளிகை எதுவும் எழுவதில்லை. பிங்கால் தரக்கூடியது பழிவாங்கும் ஆற்றல் மட்டுமே. தன்னைத் துன்புறுத்துவோரை ஒரு சொல்லால் வீழ்த்தலாம் என்று தெரிந்தும், யாருக்கும் தீங்கு செய்யக்கூடாது என அவனைத் தடுக்கிறாள் சுராயா. கையில் வேறு பலம் எதுவுமில்லாத ஒரு பிள்ளை, இருக்கும் ஒன்றையும் பயன்படுத்த மறுப்பது எளிதன்று. பிங்கோ எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை.

அப்பள்ளியில் ஜிங் வெய் என்னும் சீனத் தோழி கிடைக்கிறாள். வசதியான வீட்டுப் பெண். திரைப்படங்களைப் பற்றி ஓயாமல் பேசுபவள். இந்த நட்பு பிங்கைச் சுடுகிறது. வாசகர் அவனை வில்லன் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாதபடி, சில அத்தியாயங்களை அவன் பார்வையிலேயே எழுதியிருக்கிறார் ஹன்னா அல்காஃப். சுராயாவுக்கு இனி வீடு, பள்ளி, தோழி எனப் பல உலகங்கள். பிங்குக்கு அவள் ஒருத்திதான். ஏவலாளாகப் பிறந்தவனுக்குப் போக்கிடம் இல்லை. தன் எசமானிடம் அவன் எதிர்பார்ப்பது கூலியன்று, அன்பு. அது குறைவதாக எண்ணியபோது அவன் பொறாமையால் சுராயாவையே துன்புறுத்தத் தொடங்குகிறான். பள்ளியில் எளியவளாக நின்றவள் பிங்குக்கு எசமானி என்பதையும் வாசகர் அப்போதுதான் கவனிக்கிறார்.

மகள் படும் பாட்டைக் கண்ட தாய் ஒரு பாவாங்கை, அதாவது மந்திரவாதியை, வரவழைக்கிறாள். அவனுடைய நோக்கமோ வேறாக இருக்கிறது. ஆவிகளைப் பிடித்துத் தனக்கென்று சேர்த்து வைப்பவன் அவன். தன்னை வாட்டிய பிங்கை அவனிடம் ஒப்படைத்தால் சுராயாவின் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் பிங்க் மீண்டும் ஒருவனின் ஏவலாளாகிவிடுவான். சுராயா அவனை விட்டுக்கொடுக்கவில்லை. பிங்க் எங்கிருந்து வந்தவன், அவனை யார் எப்படி உருவாக்கினார்கள் என்பதைத் தேடி அவள் புறப்படுகிறாள். ஜிங் வெய்யும் உடன் செல்கிறாள்.