மேப்பில் ஒரே கலர்... தரையிலும் அப்படியா? கடலூர், சிதம்பரத்துக்கு நிலநடுக்க ஆபத்து எவ்வளவு?

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலநடுக்கம். சென்னை வரை ஆட்டம் தெரிந்தது. 'நம்ம பக்கமெல்லாம் வராது' என்ற நினைப்பு அன்றைக்கே போச்சு.

கட்டடங்களுக்கான ஐ.எஸ். 1893 விதியின் 2016 பதிப்பு மேப்பில் கடலூரும் சிதம்பரமும் ஆபத்து குறைந்த 2-ம் மண்டலத்தில்தான் வருகின்றன. ஆனால் மண்டலம் பாதிக் கதைதான். மீதியைச் சொல்வது காலடி மண்.

தமிழ்நாட்டின் நிலநடுக்க ஆபத்தை அருண் மேனன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-ல் நிகழ்தகவு முறையில் கணக்கிட்டார்கள். பழைய நிலநடுக்கங்களை வைத்து, இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு அதிர்வு வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் முறை இது. இப்படிப்பட்ட மேப்கள் பொதுவாகக் கெட்டித் தரையை வைத்தே போடப்படுகின்றன.

கடலூரில் கேப்பர் மலை மணற்கல் (புவியியலில் இதன் பெயரே 'கடலூர் மணற்கல்'!). மலைக்குக் கீழே கெடிலத்தின் வண்டல். சிதம்பரமோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வண்டல் மேலேயே உட்கார்ந்திருக்கிற ஊர். தட்டைத் தட்டினால் அதிலுள்ள கல்லைவிட அல்வா கூடுதலாக ஆடுமே, அதே மாதிரிதான். உயரமான கட்டடங்களுக்கு, பாறைத் தரையைவிட மென்மண்ணில் 1.67 மடங்கு விசையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அதே விதி. சின்ன வீடுகளுக்கு இந்த வித்தியாசம் இல்லை.

2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், 200 கி.மீ.க்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அங்கேயும் அடியில் ஆற்று வண்டல். தரைத்தளத்தைச் சுவரில்லாமல் பார்க்கிங்குக்கு விட்ட கட்டடங்களும் அவற்றில் இருந்தன. சிதம்பரத்தில் ஃபிளாட் வாங்குகிறவர்கள் பில்டரிடம் முதலில் கேட்க வேண்டியது மண் பரிசோதனை அறிக்கை.