ரவைக்குள் இருக்கும் மருந்து எல்லாம் ஒன்றல்ல

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால் உப்புவெளியைக் கடந்ததும் சாம்பல்தீவு வந்துவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் கிணறு வெட்டும்போதும், பற்றை துப்பரவாக்கும்போதும், மழைக்கு மண் கரைந்தபோதும் ரவைகள் வெளியே வருவது வடக்கு கிழக்கில் எவருக்கும் புதுமையான செய்தியல்ல.

அப்படி அகப்பட்டதைச் சிலர் திரும்ப மண்ணுக்குள் தள்ளிவிடுவர். சிலர் பித்தளைக்கும் செம்புக்கும் ஆசைப்பட்டுப் பழைய இரும்புக்காரருக்குச் சேர்த்து வைப்பர். இன்னும் சிலருக்கு வேறொரு யோசனை வரும். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது, வீட்டில் பழைய இடியன் துவக்கு ஒன்று கிடக்கிறது, கடை மருந்து கிடைப்பதில்லை. இந்த ரவையை உடைத்தால் உள்ளே மருந்து இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? இந்த யோசனை ஏன் கையையும் கண்ணையும் பறிக்கும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம். "ஆபத்து, தொடாதே" என்ற அறிவித்தலை எமது மக்கள் முப்பது வருடமாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். காரணம் தெரிந்தால் கை தானாகவே பின்வாங்கும்.

இடியனுக்குப் போடுவது கரிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. ரி-56 போன்ற துப்பாக்கிகளின் ரவைக்குள் இருப்பது புகையற்ற மருந்து. அதன் அடிப்படை நைத்திரோசெலுலோசு, அதாவது நைத்திரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு. பார்வைக்கு இரண்டும் கறுப்பு மணிகள்போல இருக்கலாம். ஆனால் ஒரே எடையில் புகையற்ற மருந்து தரும் சக்தி பல மடங்கு அதிகம். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. புகையற்ற மருந்து அடைபட்ட இடத்தில் எரியும்போது அமுக்கம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். அந்த வேகம் மீண்டும் அமுக்கத்தை ஏற்றும். ஆகவே எந்தத் துப்பாக்கிக்கு, எந்த எடையுள்ள குண்டுக்கு, எவ்வளவு வேகத்தில் எரியும் மருந்து என்று கணக்குப் பார்த்தே தொழிற்சாலையில் அதைத் தயாரிக்கிறார்கள்.

இந்தக் கணக்குக்கு எங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. ஹூட்ஸ் கோபுரத்தில் அக்காலக் கரையோரப் பீரங்கிகளை இன்றும் பார்க்கலாம். அவர்கள் பாவித்த மருந்தின் பெயர் கோடைட். ஏபெல், டியூவார் என்ற இரு விஞ்ஞானிகள் 1889 இல் உருவாக்கியது. அது மணியாக அல்ல, இடியப்பம்போல நூல் நூலாகப் பிழியப்பட்டது. சிறிய துப்பாக்கிக்கு மெல்லிய நூல், பெரிய பீரங்கிக்குத் தடித்த கயிறு. சுள்ளி சட்டென்று எரிந்து முடியும், தடித்த கட்டை நின்று எரியும் அல்லவா? அதே விடயந்தான். பாரமான குண்டு அசைந்து புறப்பட நேரம் எடுக்கும். அதை நின்று தள்ள மெதுவாக எரியும் மருந்து வேண்டும். வேகமாக எரிவதைப் போட்டால் குண்டு நகர முன்னரே அமுக்கம் உச்சிக்குப் போய்விடும். அந்த நேரம் தாங்கவேண்டியது குழாய்தான்.

அமெரிக்காவில் தாமே ரவை நிரப்பிச் சுடுபவர்கள் சட்டப்படி ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மக்னம் எனப்படும் பலமான றிவோல்வர்களுக்கு ஈயத்தை உருக்கி வார்த்த பாரமான குண்டுகளைப் போடும்போது எந்த மருந்து என்பதே அவர்களின் ஓயாத விவாதம். எல்மர் கீத் என்ற பண்ணைக்காரர் இதில் பேர் போனவர். அவர் விரும்பிய குண்டு 250 கிரெயின், ஏறத்தாழ 16 கிராம். ரி-56 குண்டைப்போல இரண்டு மடங்கு பாரம். அவரே ஆரம்பத்தில் .45 றிவோல்வர்களை வெடிக்க வைத்தவர். அதன் பிறகுதான் சுழல் உருளையின் சுவர் தடிப்பாக உள்ள .44 ரகத்துக்கு மாறினார். ஹேர்குலிஸ் நிறுவனத்தின் 2400 என்ற மெதுவாக எரியும் மருந்தைப் பிடித்துக்கொண்டார். அவரது முயற்சிகளின் வழியில் வந்ததே 1955 இல் ஸ்மித் அன்ட் வெசன், ரெமிங்டன் நிறுவனங்கள் கொண்டுவந்த .44 மக்னம். அதன் அமுக்க எல்லை சதுர அங்குலத்துக்கு 36,000 இறாத்தல். கார் சில்லுக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 30 இறாத்தல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மெதுவான மருந்து என்பதால் அது பாதுகாப்பானது என்றும் நினைக்க முடியாது. அளவு குறைந்தால் சரியாகத் தீப்பிடிக்காமல் குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி பிளக்கும். வேகமான மருந்திலோ இன்னொரு பொறி. சிறிதளவே போதும் என்பதால் வெற்றுக் கோதுக்குள் தவறுதலாக இரண்டு முறை போட்டாலும் வெளியே தெரியாது. மெதுவானது கோதை நிறைப்பதால் இரண்டாம் முறை வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஈயக் குண்டுக்கும் தன் பிடிவாதம் உண்டு. அளவு பொருந்தாவிட்டால் சூடான வாயு அதன் ஓரத்தை அரித்துக் குழாயில் ஈயம் படியும். அதனால் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து கடினமாக்குகிறார்கள். இத்தனைக்கும் அவர்களிடம் மருந்தின் பெயர் எழுதிய டப்பா, சோதித்து அச்சிட்ட அட்டவணை, நுண்ணிய தராசு எல்லாம் இருக்கின்றன. பெயர் தெரியாத மருந்தை எக்காரணத்துக்காகவும் பாவிக்கக்கூடாது என்பது அவர்களின் முதல் விதி.

மண்ணிலிருந்து எடுத்த ரவைக்குள் இருப்பது பெயர் தெரியாத மருந்து. அதைப் போடப்போவதோ பட்டறையில் செய்த குழாய்க்குள். அளப்பது மூடியால் அல்லது உள்ளங்கையால். கரிமருந்தை அப்படி அளந்து பழகிய கை அதே அளவு புகையற்ற மருந்தைக் கொட்டும். ரி-56 ரவை ஒன்றுக்குள் இருப்பது 1.6 கிராம் அளவுதான். அதுவே 45,000 இறாத்தல் வரை அமுக்கம் தருகிறது. அதைத் தாங்குவது பதப்படுத்திய உருக்குக் குழாய். இடியனின் குழாய் அதைத் தாங்காது. பிளக்கும் இடம் பெரும்பாலும் அடிப்பகுதி, சுடுபவரின் முகத்துக்குக் கிட்ட.

பழையது என்பதால் சக்தி செத்திருக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. நைத்திரோசெலுலோசு காலம் போகப்போகத் தானாகவே சிதையும். அதைத் தடுக்கச் சேர்த்த உறுதிப்படுத்தி தீர்ந்துபோனால் அமில வாயு வெளிவரும், உள்ளே சூடு ஏறும், பெருந்தொகையாகக் குவித்து வைத்திருந்தால் தானே தீப்பற்றவும் கூடும். எங்கள் வெயில் அதற்கு உதவிதான். ஒழுங்காகப் பராமரிக்கும் களஞ்சியமே ஆபத்தில்லாததல்ல என்பதை 2016 ஜூன் 5 அன்று கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமில் நடந்த வெடிப்பு முழு நாட்டுக்கும் காட்டியது. எறிகணைக்குள் இருப்பது இன்னொரு வகை. அது எரிந்து தள்ளுவதல்ல, ஒரே கணத்தில் வெடித்துச் சிதறுவது. அதை உடைத்து மீன்பிடி டைனமைற்றுக்கு எடுப்பவர்களைப் பற்றி இங்கே நீட்டவில்லை. 1996 ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டம் அதை முற்றாகத் தடை செய்கிறது.

சட்டம் என்று வந்தபின் எமது மக்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது, அது நியாயமானதே. அனுமதியில்லாத துவக்கு 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழும், வெடிமருந்து 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழும் குற்றம். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ரவையோ வெடிபொருளோ அதிகாரமின்றிச் சேகரிப்பதும் குற்றமாக எழுதப்பட்டது. அதன் கீழான தடுப்புக்காவலின் உச்சக் காலம் 18 மாதங்களாக இருந்து 2022 திருத்தத்தில்தான் 12 மாதங்களாகக் குறைந்தது. தெற்கில் ஒரு கமக்காரன் வீட்டில் பத்து ரவை அகப்படுவதும் எங்கள் பக்கத்தில் அகப்படுவதும் ஒரே மாதிரிப் பார்க்கப்படுவதில்லை என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா? பலர் அகப்பட்டதை அறிவிக்காமல் ஒளிப்பதற்குப் பயமே காரணம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்தால் அது "சேகரித்ததாக" ஆகிவிடும்.

ஆகவே கண்ட இடத்திலேயே விடுங்கள். கையால் எடுக்கவோ மண்வெட்டியால் கிளறவோ வேண்டாம். ஒரு தடி நட்டுத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியாலேயே திரும்புங்கள். தனியே பொலிசுக்குப் போகத் தயக்கமானால் முதலில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். சாம்பல்தீவுக்காரருக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம் இருக்கிறது. அயலவர் இருவரைச் சாட்சியாகக் கூட்டிச் செல்வது, அறிவித்த திகதியையும் நேரத்தையும் கொப்பியில் குறித்து வைப்பது, முடிந்தால் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குவது எல்லாம் பின்னர் கைகொடுக்கும். அவசரமென்றால் 119.

பன்றிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். அதற்கு மாவட்டச் செயலகத்தில் பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. எங்கள் பகுதி விவசாயிகளுக்கு அது எவ்வளவு இலகுவாகத் திறக்கிறது என்பதைக் கமக்காரர் அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.