மண்பாண்டத்தில் வைத்த காணி உறுதி

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களிடையே இரண்டு விதமான பேச்சுக்களைக் கேட்கிறோம். “இங்கே மரம் நட்டால் ஊரை மறந்துவிட்டோம் என்று நினைத்து எங்களை இங்கேயே இருத்திவிடுவார்கள்” என்பது ஒன்று. “ஊர்க் காணி இனி எங்கே கிடைக்கப்போகிறது? உறுதியை வைத்திருந்து என்ன பயன்?” என்பது மற்றொன்று. முதற் பேச்சினால் இன்றைய நாள் வீணாகிறது. இரண்டாவது பேச்சு நம் பிள்ளைகளின் நாளைப் பறித்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இறைவாக்கினர் எரேமியாவிடம் பதில் உண்டு.

அகதிகளுக்கு எழுதிய கடிதம்

கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமிலிருந்து ஒரு தொகுதி மக்களை நாடுகடத்திக் கொண்டுபோனான். இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்பவன் இறைவன் பெயரால் அறிவித்தான். எல்லாரும் கேட்க விரும்பிய செய்தி அது. ஆனால் எரேமியா அப்படிச் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் செல்லும் என்றார். பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, வீடு கட்டும்படியும், தோட்டம் செய்து அதன் பலனை உண்ணும்படியும், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வைக்கும்படியும், தாங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடும்படியும் கேட்டுக்கொண்டார் (எரே 29).

“அடுத்த மாதம் ஊருக்கு விடுவார்கள்” என்ற கதையை நாமும் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! வலிகாமம் வடக்கு மக்கள் 1990இலும், முள்ளிக்குளம் மக்கள் 2007இலும் வெளியேறினார்கள். அடுத்த மாதத்தைக் காத்திருந்த பலருக்கு அது ஆண்டுக்கணக்காக நீண்டது. காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைக்குப் பசிக்கும். கொட்டிலின் ஓரத்தில் நட்ட முருங்கையும் பப்பாளியும், கழுவும் நீர் பாயும் இடத்தில் வைத்த வாழையும், நாலு பாத்திக் கீரையும் கத்தரியும் அந்தப் பசிக்கு உதவும். அவற்றை நடுவதனால் ஊருக்குத் துரோகம் செய்தவர்களாக மாட்டோம். பாபிலோனில் தோட்டம் செய்தவர்களின் பிள்ளைகள்தான் பின்னர் ஊர் திரும்பினார்கள்.

சிறையிலிருந்து வாங்கிய வயல்

பாபிலோனில் தோட்டம் செய்யச் சொன்ன அதே எரேமியா வேறொரு காரியமும் செய்தார். கி.மு. 587 அளவில் எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. அவரோ காவற்கூடத்தில் அடைபட்டிருந்தார். அப்போது அவருடைய சிறிய தந்தையின் மகன் அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்கும்படி கேட்டான். பகைவன் சூழ்ந்திருக்கும் நாட்டில் நிலத்துக்கு என்ன விலை? ஆயினும் எரேமியா பதினேழு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். உறுதி எழுதி ஒப்பமிட்டார். சாட்சிகளும் ஒப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்றும், திறந்த பிரதி ஒன்றுமாக இரண்டு இருந்தன. அவை நெடுங்காலம் அழியாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு பாரூக்கிடம் ஒப்படைத்தார் (எரே 32).

அதன் பிறகு எரேமியா செபிக்கிறார். நகரம் பகைவர் கையில் விழப்போகிறதே, இந்த நேரத்தில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று இறைவனிடமே கேட்கிறார். விசுவாசிக்கும் மனிதனுக்கும் கேள்வி உண்டு. அந்நாட்டில் மீண்டும் வயல்கள் வாங்கப்படும், உறுதிகள் எழுதப்படும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

எரேமியா அந்த வயலில் ஏர் பூட்டியதாக விவிலியம் சொல்லவில்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். எனினும் பாபிலோனிலிருந்து திரும்பியோரின் பட்டியலில் அனத்தோத்து ஊரார் 128 பேர் இருக்கிறார்கள் (எஸ்ரா 2:23). உறுதி எழுதியவர் ஒருவர். ஊர் திரும்பியவர்கள் அடுத்த தலைமுறையினர்.

நமது மண்பாண்டம் எது?

நம்பிக்கை செபத்தில் மட்டுமல்ல, ஒரு துண்டுக் காகிதத்தைப் பேணிக் காப்பதிலும் இருக்கிறது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. நமது உறுதிகள் பல எரிந்தன, மழையில் நனைந்தன, ஓடும்போது தவறின. ஆனாலும் மனம் தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்கிறது. அங்கே விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றில் நினைவிருப்பதை எழுதிக்கொண்டு செல்லுங்கள். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் தங்கள் ஊருக்குரிய பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும்.

தனியார் காணியைப் பிறர் ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றித் தமதாக ஆண்டால் உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே உங்கள் காணியில் வேறொருவர் இருப்பதாக அறிந்தால் மௌனமாக இராமல், சட்ட உதவி ஆணைக்குழுவை நாடி ஆலோசனை பெறுங்கள்.

கணவரை இழந்த தாய்மார் இதில் சிறப்பாகக் கவனமெடுக்க வேண்டும். ஆண்மகன் இல்லாத செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் வந்து தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டபோது, அவர்கள் கேட்பது நியாயமே என்று இறைவன் தீர்ப்பளித்தார் (எண் 27). நம் நாட்டிலும் அரச காணிக்குப் பின்னுரித்தாளர் பெயரிடப்படாதபோது ஆண்மக்களுக்கு முதலிடம் தந்த பழைய விதி 2022இல் திருத்தப்பட்டது. அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று இப்போதே பாருங்கள்.

முதியோர் நம்மிடையே இருக்கும்போதே ஒரு மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி, காணியின் நான்கு எல்லைகளையும், அயலவர் பெயர்களையும், கிணறு, குளம், வாய்க்கால், பெரிய மரங்கள் இருந்த இடங்களையும் கொப்பியில் எழுதுவியுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் உறுதியும் இருக்கட்டும். எரேமியா நமக்குக் காட்டும் வழி இதுவே.

குழுவாகச் சிந்திக்க

1. இந்த மாரிக்கு நாம் இருக்கும் இடத்தில் எவற்றை நடலாம்?

2. நம் குழுவில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத குடும்பங்கள் எவை? அவர்களோடு அலுவலகத்துக்குச் செல்பவர் யார்?

3. நம் ஊரின் எல்லைகளை அறிந்த முதியவர் யார்? அவர் சொல்வதை எழுதுபவர் யார்?